தடிக் கம்பியில் ஒரு நோட்

அன்று இரவு எட்டு மணிக்கு எங்கள் பிளாக் இருண்டது என்னால்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் அடுப்பில் பால். அது போதாதென்று என் பழைய ஆம்ப்ளிஃபயரையும் சொருகினேன். டப்... கருகிய வாசனை. பத்து வீட்டுக்கும் கரண்ட் போனது. ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மேடவாக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வர ஒரு மணி நேரம் ஆகும். புழுக்கம் தாங்காமல் ஆளாளுக்கு மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"இருட்டாக்குனது நீங்க, வெற்றிவேல் சார். பொழுதுபோக்குக்கும் நீங்களே பொறுப்பு" என்றார் அசோசியேஷன் செயலாளர் சாம்பசிவன்.

"பேய்க் கதைண்ணா" என்றான் மூன்றாம் மாடி தீனா.

தண்ணீர்த் தொட்டியோரம் நெருங்கி உட்கார்ந்தோம். பின்னால் கொடியில் யாரோ காயப்போட்ட பெட்ஷீட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன.

"என் ஃப்ரெண்டோட மச்சானுக்கு நடந்தது இது" என்று ஆரம்பித்தேன். பேய்க் கதைக்கு அதுதான் மரியாதை. உங்களிடம் மறைப்பானேன், அந்த மச்சான் நான்தான். கதையில் வரும் இன்னொருவன் எபி. அங்கே அவன் பெயரைச் சொல்லவில்லை. எபி இறந்த பிறகு அவன் மனைவி தபீதாள் எங்கள் பிளாக்கிலேயே, கீழ்வீட்டில் அவள் அக்காவோடு இருக்கிறாள். ஒரு வருடமாகப் படியில் அவளைப் பார்த்தால் நான் என் போனைப் பார்ப்பேன்.

மே மாதம். மதியம் இரண்டரை. சேலையூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் ரோட்டில் நாய்கூட இல்லை... தார் இளகும் வாசனை. முதுகில் பேஸ் கிட்டார் பையோடு எபி மட்டும் நடந்து வருகிறான்.

வீட்டின் சின்ன அறையில் பாட்டுப் பதிவு செய்வது என் பிழைப்பு. சர்ச் பாட்டு, அம்மன் பாட்டு, பல் டாக்டர் விளம்பரம், எது வந்தாலும். பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் பேஸ் கிட்டாருக்கு எப்போதும் எபிதான். கம்ப்யூட்டரிலேயே பேஸ் சத்தம் இருக்கிறது. ஆனால் அது ரொம்பச் சுத்தம். நிஜ விரல் கம்பியில் உரசும். ஒரு இமைப்பொழுது தயங்கும். எபி கையில் பவுடர் தடவிக்கொண்டு வாசிப்பான். வாசிக்கும்வரை மூச்சை அடக்கி, முடிந்ததும் மூக்கால் ‘ஹ்ம்’ என்று விடுவான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வருவது அபூர்வம் என்பதால் உடனே செயல்படுத்தினேன். எபி வாசிக்கும் ஒவ்வொரு நோட்டையும், அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும், தனித்தனியாகப் பதிந்து கீபோர்டு கட்டைகளில் ஏற்றிவிட்டால், எந்தப் பாட்டிலும் எபி வாசித்த மாதிரியே இருக்கும். எபி வர வேண்டாம்.

"ஒயர்ல இரைச்சல் வருது மச்சான். ஒவ்வொரு நோட்டா வாசி, செக் பண்றேன்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேடா" என்றான். ஆனாலும் வாசித்தான். இரண்டு மணி நேரம். கடைசியாகத் தடிக் கம்பியின் அடி நோட், விரலால் அமுக்காமல் வாசிப்பது. அதில் நிறுத்திக்கொண்டான். "சும்மா விட்டா தகரம் மாதிரி அடிக்குது. நாளைக்குப் புதுக் கம்பி போட்டுட்டு வர்றேன்."

மறுநாள். அதே நேரம். காலிங் பெல்.

கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். எபி. அதற்குள் அவனில்லாமல் அவன் நோட்டுகளை வைத்து ஒரு பாட்டை முடித்து அனுப்பியிருந்தேன். முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன். மூச்சை அடக்கி நின்றேன். மறுபடி பெல்... ஒரு ஜிப் இழுபடும் சத்தம்... பிறகு எதுவுமில்லை. வெகுநேரம் கழித்து, படியிறங்கும் காலடி.

அப்புறம் அவனைக் கூப்பிடவே இல்லை. ‘வேலை கம்மி மச்சான்’ என்று மெசேஜ் மட்டும். கிடைக்காத அந்த அடி நோட்டுக்குப் பதிலாகப் பக்கத்து நோட்டைக் கம்ப்யூட்டரில் சுருதி இறக்கிப் போட்டேன். சளி பிடித்த எருமை போலிருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நாலாவது மாதம் எபி தூக்கத்திலேயே போய்விட்டான். நெஞ்சு. அடக்க ஆராதனைப் பாட்டுக்கு இசை வேண்டுமென்று சர்ச்சிலிருந்து என்னைத்தான் கேட்டார்கள். செய்தேன். எபியின் அடக்கத்துக்கு எபியையே வாசிக்கவைத்தேன்.

பாட்டின் கடைசி நோட் அந்த எருமைதான். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். எருமை இல்லை... புதுக் கம்பி. கணீரென்று எழுந்து, தரை வரை இறங்கி, மெல்ல அடங்கியது. அடங்கிய பிறகு, காதுக்குப் பக்கத்தில்... ‘ஹ்ம்.’

அறையெங்கும் பவுடர் வாசனை.

கம்ப்யூட்டரைக் குடைந்தேன். எபியின் நோட்டுகளுக்கு நடுவே நான் பதியாத ஒன்று இருந்தது. பதிந்த தேதி அந்த மறுநாள். மதியம் இரண்டு நாற்பது.

"அந்த நேரத்துல நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். மெஷின்ல ஒரு ஒயர்கூட மாட்டல" என்றேன்.

"உங்க ஃப்ரெண்டோட மச்சான்தானே நின்னாரு, வெற்றிண்ணா?" என்றான் தீனா.

யாரும் சிரிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் தேதியெல்லாம் நம்பக் கூடாது சார்" என்றார் சாம்பசிவன். ஆனாலும் தொட்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தார்.

எதிர்வீட்டு ஜெயஸ்ரீ மெதுவாகக் கேட்டாள். "நீங்க உள்ள இருந்தது அவருக்குத் தெரியுமா?"

"அதுதான் தெரியல. சர்ச்சுல கேட்டேன், ஜெபம் பண்ணுங்க பிரதர்னாங்க. கூட வாசிக்கிற பசங்க கிட்ட கேட்டேன், விடு மச்சான்னானுங்க. கேக்க வேண்டியவங்க கிட்ட கேக்கத்தான் தைரியம் வரல."

பின்னால் துணிக் கிளிப் ஒன்று தரையில் விழுந்தது. பெட்ஷீட் விலகியது. கையில் பக்கெட்டோடு தபீதாள். எப்போது மேலே வந்தாளோ.

"தெரியும்ணா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "உங்க செருப்பு வெளியேதான் கிடந்துச்சாம்."

செருப்பு. ஒரு வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒவ்வொரு நோட்டா கேட்டப்பவே எதுக்குன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சுண்ணா. நீங்க கதவு தொறக்கலைன்னதும் பையிலேர்ந்து கிட்டார எடுத்து, ஒயர் எதுவும் இல்லாம, வாசல்லயே நின்னு அந்த ஒரு நோட்டை மட்டும் வாசிச்சுட்டு வந்துட்டாராம். ‘அவன்கிட்ட அது ஒண்ணுதான் இல்ல தபீ... வச்சுக்கட்டும்’னாரு."