அமுக்கறதுக்கு முந்தின அரை நிமிஷம்

நானா சாவிய எடுத்தேன்? நானா! சொல்லும்மா, இந்த மூஞ்சியப் பாத்தா ஸ்கூட்டர் சாவியப் புடுங்கி சாக்கடையில வீசுற போலீஸ்காரன் மூஞ்சி மாதிரியா இருக்கு? ...சரி, பதில் சொல்ல வேணாம். நீ இந்த கேமரா ரூமுக்குப் புதுசு. இந்தா, காலையிலேர்ந்து என் சட்டையில தொங்குன கேமரா. சொருகு, படத்த ஓட்டு. நான்தான் சாவிய எடுத்தேன்னு கத்துறாரே, அந்தக் கேக் கடைக்காரர் வாய அடைச்சாகணும்.

வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார் பாத்தியா, மடியில கேக் டப்பாவோட? ஏதோ கொழந்தைக்குப் பொறந்தநாளாம், க்ரீம் உருகுதாம். நம்ம ஆளுங்களே செவுத்து ஃபேன அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டாங்கன்னா பாத்துக்கயேன்! இன்ஸ்பெக்டர் அம்மா வேற, "படத்துல நீங்க சாவியத் தொட்டிருந்தா இனிமே தெரு டியூட்டி கெடையாது, ஆபீஸ்லயே உக்காருங்க"ன்னுட்டாங்க. என்னால முடியுமாம்மா அது? தெருவுல நின்னு நாலு பேர்கிட்ட வாயக் குடுத்தாத்தான் எனக்கு சாப்பாடே எறங்கும். செத்தே போயிடுவேன்.

இன்னும் ஓடலையா? சரி சரி, மெதுவா.

கேமரா மேல எனக்குக் கோவம் இல்ல. கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தன் குடிச்சிட்டு விழுந்து, நான்தான் பல்ல ஒடச்சேன்னு ஒரே கூப்பாடு. படத்த ஓட்டுனா, நான் ஜீப்ப விட்டு எறங்கும்போதே பல்லு அவன் கையில இருக்கு! தப்பிச்சேன். ஜனங்களும் இப்ப மரியாதையா பேசுறாங்க, நானும்தான். "ஐயா, கொஞ்சம் ஓரமா வாங்கய்யா"... என் வீட்டுக்காரி என்ன சொல்றா தெரியுமா? "அத மாட்டிக்கிட்டே வீட்டுக்கு வாங்க, எனக்கும் ரெண்டு நல்ல வார்த்தை கெடைக்கட்டும்"ங்கறா. சிரிக்காத!

ஆனா அதுக்கு அறிவு ஒரு மட்டுக்குத்தான். கழுத்து கெடையாது, முதுகுப் பக்கம் கொலையே நடந்தாலும் தெரியாது. நெஞ்சுல மாட்டுனா, என் தொப்பை அத மேல தூக்கிடுது. ஒரு திருட்டுக் கேசுல பூரா வானம்தான். திருடன் ஓடுற சத்தம் கேக்குது, படத்துல காக்கா பறக்குது! எதிராளி மொறைக்கறது விழும், நான் மொறைக்கறது விழாது. அது... ஒரு வகையில நல்லதுதான்.

அதனால நான் ஒரு வழி வெச்சிருக்கேன். மொதல்ல வண்டிய நிறுத்தறது. சூடா நாலு வார்த்தை. மனசு ஆறுனதும் கேமரா பட்டன அமுக்கறது. அப்புறம் ஒரே பணிவுதான், ஐயாதான்... என்ன? அது எப்பவும் பாத்துக்கிட்டேதான் இருக்குமா, அமுக்கறதுக்கு முந்தின அரை நிமிஷமும் சேந்து பதிவாகுமா? யாரு சொன்னா? பயிற்சியில சொன்னாங்களா... அன்னிக்கு எனக்கு நல்ல தூக்கம்மா.

அந்த அரை நிமிஷத்துக்கு சத்தம் இருக்காதா? அப்பாடா! வயித்துல பால வார்த்த. ஓட்டு, ஓட்டு.

நான் குனிஞ்சிருக்கேன் போல, வானத்துக்குப் பதிலா வண்டியே தெரியுது. இதோ ஸ்கூட்டர். இதோ அவரு. டப்பாவக் காட்டி என்னமோ கெஞ்சுறாரு பாவம்... நிறுத்து. நிறுத்தும்மா. அது யாரு கை? சாவிய உருவுதே... விரல்ல பிளாஸ்திரி. எனக்கும் பிளாஸ்திரிதான். அதே விரல்தான். எங்க போகுது அந்தக் கை... கீழ... பேன்ட் பாக்கெட்டு...

ஐயையோ.

கைக்குட்டைக்கு அடியில கெடக்கும்மா! என்னமோ குத்துதேன்னு நான் பெல்ட்டத் தளத்திக்கிட்டே இருக்கேன். சத்தியமா எனக்கே தெரியாது. பழக்கதோஷம், வண்டிய நிறுத்துனா கை தானா சாவிக்குப் போயிடுது. மனுஷன் கரடியாக் கத்துனாரு, நான் அவரையே பொய்யன்னுட்டேன்...

ஏம்மா, இத அழிக்க முடியுமா? முடியாதா? யாராலயும்? இன்ஸ்பெக்டர் அம்மாவாலயும்? ...ம். நியாயம்தான். அந்தப் பல்லுப் படத்தையும் யாராலயும் அழிக்க முடியலையே.

சார்ஜ் ஏறுன கேமரா ஒண்ணு எடு. இல்லம்மா, தெருவுக்கு இல்ல, சாவியத் திருப்பிக் குடுக்க வெளிய அந்த பெஞ்சு வரைக்கும்தான். இந்தத் தடவ மொதல்லயே அமுக்கிட்டுப் போறேன். மன்னிப்பு கேக்கறதாவது சத்தத்தோட விழட்டும்.

இரு, தொப்பைய உள்ள இழுத்துக்கறேன். இல்லன்னா ஃபேன்கிட்ட மன்னிப்பு கேட்ட மாதிரி பதிவாயிடும்.