புல்லோட ஒரு மண்கட்டி

இல்லீங்கய்யா, நடுக்கம் குளிருக்குத்தான். இந்த ஜனவரிப் பனில டர்ஹாம் பக்கம் யாருக்குத்தான் பல்லு அடிக்காது. நீங்க அடுப்புகிட்ட தள்ளி உக்காருங்க.

கேட்டது காதுல விழுந்துச்சுங்க. ஆத்தோரத்துத் துண்டு நிலம் யாருதுன்னுதானே? ராணி குடுத்தனுப்பின உங்க ஏட்டுல கில்பர்ட்டுன்னு என் பேருதான் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி... சொல்றேன், சொல்றேன், கோவப்படாதீங்க.

கலகத்துக்கு நானும் போனேன், மறைக்கல. புது மதத்து மகாராணி வேணாம், பழைய பூசை திரும்ப வரணும்னு எங்க வடக்குச் சீமைப் பிரபுங்க ரெண்டு பேரு கொடி தூக்கினாங்க. வரலேன்னா கூரைல நெருப்பு வைப்பேன்னு பிரபு வீட்டு ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். சாமி மேல பக்தியா, கூரை மேல பயமான்னு கேட்டா, எனக்குக் கூரைதான். தனியாப் போவப் பயந்துக்கிட்டு, பக்கத்து வீட்டு நினியனையும் வாடான்னு இழுத்துட்டுப் போனேன். அவன் பாவம், ஒரு கம்பக்கூட ஓங்கல. பெரிய கோயில்ல பூசை வச்சப்ப நின்னு அழுதான், அவ்வளவுதான். ராணி படை வருதுன்னதும் பிரபுங்க ஸ்காட்லாந்துக்குக் குதிரைய விரட்டிட்டாங்க. நாங்க பனில நடந்து வீடு வந்தோம்.

உங்க கணக்கு ஊருக்கே தெரியுங்க. நிலம் இருக்கறவன் அத ராணிக்குக் குடுத்துட்டு உசுரோட போலாம். ஒண்ணுமில்லாதவன் கழுத்தத்தான் குடுக்கணும். தூக்குல போட எங்க ஊருக்கு மூணு கழுத்துன்னு கணக்கு. ரெண்டு பேர எழுதியாச்சு, மூணாவது நினியன். அந்த நிலம் என்னுதுன்னு அவன் கொட்டடில கத்திட்டே இருக்கான்னீங்க.

பத்திரமா? எங்க பக்கம் அதெல்லாம் கிடையாதுங்க. நிலத்துல நின்னு, புல்லோட ஒரு மண்கட்டியப் பேத்து, வாங்கறவன் கைல குடுக்கணும். ரெண்டு பேரு பாக்கணும். முடிஞ்சுது. பாத்தவங்களா? பிரபுங்க பின்னாடியே ஓடிட்டாங்க, எங்க கெடக்காங்களோ. ஆமாங்க, வேற சாட்சி இல்ல. நிலம் யாருதுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மூணு நாளா அந்த ஒரு வார்த்தையத்தான் வாய்க்குள்ள உருட்டிக்கிட்டுக் கெடக்கேன். வாயத் தெறக்காதேன்னு சொல்லித்தான் வீட்டுக்காரி அனுப்பினா. அவளக் குத்தம் சொல்ல முடியாது, மூணு பிள்ளைங்க.

போன மிக்கேல் சம்மனசு திருநாளுங்க, அறுப்பு முடிஞ்ச சமயம், மழை தூறிச்சு. என் மாடு ரெண்டும் சீக்குல போயிடுச்சு, பிள்ளைங்களுக்குப் பாலில்ல. நினியன் அவன் கறவை ரெண்டையும் ஓட்டிட்டு வந்து என் வாசல்ல கட்டினான். அதுக்கு ஈடா நான் ஆத்தோரத்து மண்ணப் பேத்து அவன் கைல குடுத்தேன்.

ஆமாங்கய்யா. நிலம் அவனுது. ஒண்ணுமில்லாதவன் நான்தான்.

ஏன் கைய நிறுத்திட்டீங்க? சீக்கிரம் எழுதுங்கய்யா. இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா நான் மாத்திச் சொல்லிடுவேன்.