நடுச்சுவரில் பவுனம்மாள்

— அழிச்சுடு. வெள்ளிக்கிழமை ஏசி ஹால் திறப்பு. அதுக்குள்ள அந்த மூஞ்சி இந்தச் செவுத்துல இருக்கக் கூடாது. புரியுதா?

— எதச் சொல்றீங்க சார்? கோட்டையவா, சந்தையவா?

— நக்கல் பண்ணாத அறிவுமதி. கோட்டை சூப்பரா இருக்குது. மலை, மதிலு, களஞ்சியம், கல்யாண மகால், எல்லாம் நேர்ல பாக்குற மாதிரி இருக்குது. கீழ சந்தை போட்டிருக்க, அதுவும் ஓகே. சந்தைக்கு நட்டநடுவுல ஆள் உசரத்துக்கு, காய்க்கூடைய வெச்சுனு ஒரு கிழவி உக்காந்திருக்குதே, அது யாரு?

— உங்களுக்குத் தெரியாதா? உங்க கிச்சன்ல காய் நறுக்குற பவுனம்மா.

— நான் ஏசி மிஷின் எடுக்க மெட்ராசுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என்னா வேல பாத்து வெச்சிருக்க நீ? போறப்ப அந்த இடத்துல வெறும் பென்சில் கோடுதானே இருந்துச்சு?

— மூஞ்சிங்கள எப்பவும் கடைசியாதான் போடுவேன்.

— ஆர்டர் குடுக்குறப்ப நான் என்ன சொன்னேன்?

— ‘கடையில வாங்குற பிரிண்ட் வேணாம். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அதே நீர்வீழ்ச்சி, அதே வாழையிலை ஸ்டிக்கர். எனக்குன்னு ஒண்ணு வேணும், வேற எங்கயும் அது இருக்கக் கூடாது’ன்னு சொன்னீங்க. இந்த மூஞ்சி வேற எங்க சார் இருக்குது?

— வாய் மட்டும் நல்லா இருக்குது. நான் கேட்டது தேசிங்கு ராஜா. குதிர மேல, கையில வாளோட.

— போட்டிருக்கேனே. தோ, மலையடிவாரத்துல.

— அது குதிரையா? எலி மாதிரி இருக்குது.

— அவ்ளோ தூரத்துல ராஜா அப்படித்தான் தெரிவாரு. சந்தையில நிக்கிறவனுக்குக் கிட்டக்கத் தெரியுறது காய்க்காரம்மாதான்.

— கும்பகோணம் ஓவியக் காலேஜ்ல படிச்சதெல்லாம் என்கிட்ட பேசாத. இது எக்சிபிஷன் இல்ல, ஹோட்டல். கோட்டைக்கு யுனெஸ்கோ பேர் வந்ததுலேர்ந்து வெளியூர் காரு வந்து நிக்குது. ஃபேமிலியா வர்றவன் இங்க நின்னு செல்ஃபி எடுக்கணும். எடுப்பானா? வேற மூஞ்சி போடு. லட்சணமா, கொஞ்சம் செவப்பா, வயசுப் பொண்ணு.

— மாட்டேன்.

— மாட்டியா?

— மாட்டேன் சார். அவங்க ஆசையா உக்காந்தாங்க. பந்தி முடிஞ்ச நேரமாப் பாத்து, தலைய வாரிக்கிட்டு, முந்தானைய இழுத்துவிட்டுக்கிட்டு. ‘இதப் போட்டோ எடுத்து உங்க பையனுக்கு அனுப்புங்க’ன்னு சொன்னேன். துபாய்ல இருக்காராமே? சிரிச்சாங்க.

— ஆசையா உக்காந்தாங்களா?

— கேட்டுப் பாருங்க.

— நான் எதுக்குக் கேக்கணும்? நாளைக்குக் காலைல பெயிண்டரக் கூப்புட்டு நானே ரெண்டு கோட்டிங் அடிச்சுக்குறேன். நீ கிளம்பு.

— அடிங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி நான் போட்டோ எடுத்துப் போடுவேன். செஞ்சியில ஒரு ஹோட்டல்ல காய் நறுக்குற அம்மாவுக்குச் செவுத்துலகூட இடம் இல்லன்னு எழுதுவேன்.

— மிரட்டுறியா?

— நேராவே கேக்குறேன் சார். கருப்பா இருக்காங்கங்குறதா உங்க பிரச்சன? இல்ல, எந்தத் தெருக்காரங்கங்குறதா?

— பேச்ச மாத்தாத.

— நானும் அனந்தபுரம் காலனிதான். நீங்க கேக்கல, நானும் சொல்லல. மேலேர்ந்து கீழ வரைக்கும் என் கை படாத இடமே இந்தச் செவுத்துல இல்ல. மொத்தத்துக்கும் கோட்டிங் அடிச்சுடுங்களேன்?

— நான் அப்படிச் சொன்னேனா? சொன்னேனா நானு? உனக்கு வியாபாரம் தெரியாது. இந்த பஜார்ல பிரியாணிக்கு ஆர்டர் சொல்றதுக்கு முன்னாடி மாஸ்டர் யாரு, எந்த ஊரு, யாரு ஜனம்னு விசாரிக்கிறவன் இருக்கான். மொய் விருந்து, சீமந்தம், பர்த்டேன்னு இந்த ஹால நம்பித்தான் மொத்தப் பொழப்பும். ஒருத்தன் மொகம் சுளிச்சுனு எழுந்து போனான்னா, பின்னாலயே ஊரே போயிடும்.

— அதனால அவங்க காய் நறுக்கலாம், அந்தக் காய இவங்க திங்கலாம். மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது.

— ஆமா. தெரியக் கூடாது. போதுமா?

— போதும் சார். இத அவங்க காது கேக்கச் சொல்லுங்க. பவுனம்மா! பவுனம்மா, இங்க வாங்க!

— ஏய், அவங்கள எதுக்குக் கூப்புடுற? வேணாம்.

— அவங்க மூஞ்சி. அவங்களக் கேக்க வேணாமா?

— இன்னா கண்ணு, கூப்ட்டியா? வெங்காயம் உரிச்சுனு இருந்தேன். அய்ய, உள்ளலாம் வேணாம், காலு ஈரமா இருக்குது. இப்படியே நிக்குறேன், சொல்லு.

— உள்ள வாங்க. வந்து உங்க படத்தப் பாருங்க.

— மத்தியானமே பாத்துட்டேன், யாரும் இல்லாத நேரமா. கிட்டக்கப் போயி தொட்டுகூடப் பாத்தேன், தப்பா நெனைக்காத. என்னிய யாரும் அவ்ளோ நேரம் உத்துப் பாத்ததில்ல கண்ணு.

— கேட்டுக்கிட்டீங்களா சார்? பவுனம்மா, இத அழிக்கணும்னு சொல்றாரு. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இவரு யாரக் கூட்டிட்டு வந்தாலும் நான் செவுத்துக்குக் குறுக்க நின்னுடுறேன்.

— அழிச்சிடு.

— என்ன?

— மொதலாளி சொல்றது சரிதான். அழிச்சிடு கண்ணு.

— வேல போயிடும்னு பயப்படுறீங்களா? போனா போவுது. எங்க வீட்டுக்கு வாங்க, எங்கம்மாவுக்குத் துணையா இருங்க.

— பயம்லாம் இல்ல.

— பாத்தீங்களா சார், எப்படிப் பழக்கி வெச்சிருக்கீங்கன்னு? அடுப்புக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேதான் சாப்புடுறாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த நாற்காலியில உக்காருங்கன்னு சொல்லிருக்கீங்களா? எனக்குச் சுடுசோறு வெச்சு, ‘தின்னுட்டு வரைடி’ன்னு பக்கத்துல நின்னது இவங்க. நீங்க இவங்க மூஞ்சியக்கூட நேரா பாக்க மாட்டேங்குறீங்க. இப்பகூடப் பாருங்க, செவுத்தப் பாத்துத்தான் பேசுறீங்க.

— அறிவுமதி, நிறுத்து.

— இவங்க பையனுக்கு மட்டும் இது தெரிஞ்சுச்சுன்னா...

— நிறுத்துன்றேன்ல!

— அவரத் திட்டாத கண்ணு.

— ஏன் திட்டக் கூடாது? இந்த ஆளெல்லாம் ஒரு மனுஷனா?

— திட்டாதன்னு சொல்றேன்! இத்தினி நாளு உன் கையில சோறு குடுத்தனே, அதுக்காச்சும் வாய மூடு!

— பவுனம்மா, நீங்க உள்ள போங்க.

— போறேன். இவகிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நல்ல பொண்ணு, உங்களப் பத்தித் தப்பா நெனச்சுனு போவக் கூடாது.

— வேணாம். சொல்லாத.

— நீ மேல என்னா வரைஞ்சியோ தெரியாது கண்ணு, என்னிய அப்படியே உரிச்சு வெச்சுட்ட. அதான் வம்பாப் போச்சு. காலைல இந்த பில்டிங்க வாடகைக்கு வுட்டிருக்கவரு வந்து படத்தையும் மொதலாளி மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. நான் கிச்சன் கதவுச் சந்துல நின்னு பாத்துனுதான் இருந்தேன். அந்த மூக்கு, அந்தத் தாடை, ரெண்டும் ஒரே அச்சு. இன்னாரு வயித்துல பொறந்தவன்னு தெரிஞ்சிட்டா இந்த ஊர்ல எவன் இங்க வந்து கை நனைப்பான்? அழிச்சிடு கண்ணு, எம் புள்ள பொழச்சிப் போவட்டும்.