கேலிக்கு ஒரு விண்ணப்பம்

தெல்ஃபினா: காலை ஆட்டாதே எலிசியோ. என் மேசையும் சேர்ந்து ஆடுது.

எலிசியோ: அடுத்தது என் மசோதாதானே அக்கா?

தெல்ஃபினா: இதுக்கு அடுத்தது. இன்னும் பத்து நிமிஷம் ஆகும். மைக்கை அணைச்சு வெச்சிருக்கியா?

எலிசியோ: மூணு தடவை பார்த்துட்டேன்.

தெல்ஃபினா: மேல பார்வையாளர் மாடத்துல உன் வீட்டுக்காரர் வந்தாச்சு. மடியில என்ன, அத்தனை தகர டப்பா?

எலிசியோ: பிஸ்கோசித்தோ பிஸ்கட். சோம்பு தூக்கலாப் போட்டு அபெல் ரெண்டு நாளாச் சுட்டது. எழுபது உறுப்பினருக்கும் ஆளுக்கு மூணு. முதல் மசோதா கொண்டு வர்றவன் அவைக்குத் தின்ன ஏதாவது குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?

தெல்ஃபினா: சொன்னேன், சொன்னேன். அதென்ன, தொண்டை கட்டியிருக்கு?

எலிசியோ: பாடிப் பாடித்தான். ரெண்டு வாரமா வண்டியில ஏறினா அதே பாட்டு. அபெல் பக்கத்துல உட்கார்ந்து தாளம் போடுவார். போன மாசம் அந்தப் புது உறுப்பினர் பெசெரா முதல் மசோதாவைக் கொண்டு வந்தப்போ என்ன பாடு படுத்தினீங்க! அரை மணி நேரம் கோணல் கேள்வி... கோழி மாதிரி கொக்கரிக்கச் சொன்னீங்க... பாடச் சொன்னீங்க...

தெல்ஃபினா: கடைசியில எல்லாரும் சிவப்புப் பொத்தானை அழுத்தினோம். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

எலிசியோ: அவன் வெளிறிப்போனதுக்கு அப்புறம்தானே பச்சைக்கு மாத்தினீங்க? எனக்கு என்னென்ன வெச்சிருக்கீங்களோ...

தெல்ஃபினா: ம்...

எலிசியோ: என்ன ‘ம்’?

தெல்ஃபினா: நீ பாட வேண்டியிருக்காது தம்பி.

எலிசியோ: ஏன்?

தெல்ஃபினா: நான் சொன்னதா வெளியில சொல்லாதே. ரெண்டு கட்சிக் கொறடாவும் கலந்து பேசி உத்தரவு போட்டிருக்காங்க. உன்னை யாரும் கேலி பண்ணக் கூடாது. கேள்வி கூடாது, பாட்டு கூடாது. நேரா பச்சை.

எலிசியோ: எனக்கு மட்டுமா?

தெல்ஃபினா: உனக்கு மட்டும்தான்.

எலிசியோ: அதான் ஏன்னு கேட்கறேன்.

தெல்ஃபினா: உனக்கே தெரியாதா? தேர்தல் துண்டறிக்கையில பெண்டாட்டி பிள்ளைங்க படம் போடற இடத்துல அபெல் படத்தைப் போட்டு, ‘என் கணவர்’னு அச்சடிச்சு ஜெயிச்சு வந்தவன் நீ. நாங்க பாட்டுக்கு உன்னைக் கோழி மாதிரி கொக்கரிக்கச் சொல்லி, அது நாளைக்குப் பத்திரிகையில வேற மாதிரி வந்துட்டா?

எலிசியோ: அதனால...

தெல்ஃபினா: அதனால மரியாதை.

எலிசியோ: ஓ... ஒன்பது நாளா எல்லாரும் எனக்குக் கதவைத் திறந்து விடறதும், ‘நலமா மாண்புமிகு உறுப்பினரே’ன்னு குனியறதும்... இதுதானா?

தெல்ஃபினா: இதுதான்.

எலிசியோ: நேத்து காபி எடுக்கப் போறேன், வரிசையே விலகி வழி விடுது அக்கா! சாவு வீட்டுக்காரனுக்கு விடற மாதிரி!

தெல்ஃபினா: மெதுவாப் பேசு.

எலிசியோ: முதல் தடவை நின்னப்போ அறுநூறு ஓட்டுல தோத்தேன். ராவோட ராவா என் படம் போட்ட தேர்தல் பலகைகளைப் பிடுங்கி வாய்க்கால்ல போட்டாங்க.

தெல்ஃபினா: கேள்விப்பட்டேன்.

எலிசியோ: அது போய் மதகுல அடைச்சுக்கிச்சு. ஊர்ல தண்ணி முறை வைக்கிறவன் நான்தானே? நானே இடுப்பளவு தண்ணியில இறங்கி, என் மூஞ்சியை நானே இழுத்துப் போட்டேன்.

தெல்ஃபினா: சிரிக்க வைக்காதே, அவைத்தலைவர் பார்க்கறார்.

எலிசியோ: ரெண்டாவது தடவை தொண்ணூறு ஓட்டு. மூணாவது தடவை வீடு வீடாப் போனேன். கதவைத் திறந்த ஒருத்தர்கூட அபெலைப் பத்திக் கேட்கல. ‘செவ்வாய்க்கிழமை என் முறைத் தண்ணியை ஏன்யா பாதியில நிறுத்தினே’ன்னு திட்டினாங்க. வண்டியில ஏறினதும் அபெல்கிட்ட சொன்னேன், இந்தத் தடவை நாமதான்னு.

தெல்ஃபினா: திட்டு வாங்கினதுக்கா?

எலிசியோ: தன் ஆளைத்தானே அக்கா அப்படித் திட்டுவாங்க? இங்க என்னடான்னா என்னை விருந்தாளியா வெச்சிருக்கீங்க. பதினெட்டு வருஷமா வண்டியில என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே வர்ற மனுஷன் மேல உட்கார்ந்திருக்கார். அவர் முன்னாடி நான்...

தெல்ஃபினா: அழறியா?

எலிசியோ: இல்ல. கைக்குட்டை இருந்தா குடுங்க. அக்கா, ஒரே ஒரு கேள்வி... நீங்க கேளுங்களேன்! முட்டாள்தனமா ஏதாவது...

தெல்ஃபினா: கொறடா என் குழுத் தலைமையைப் பிடுங்கிடுவார். எழுந்திரு, உன்னைத்தான் கூப்பிடறாங்க.

அவைத்தலைவர்: அடுத்து, அவை மசோதா இருநூற்றுப் பதினான்கு. ரியோ செக்கோ பள்ளத்தாக்கின் மாண்புமிகு உறுப்பினர் எலிசியோ அர்ச்சுலெத்தா அவர்கள் தமது முதல் மசோதாவை முன்மொழிவார். நியூ மெக்சிகோ பேரவை தங்களை மரியாதையுடன் செவிமடுக்கிறது.

எலிசியோ: அவைத்தலைவர் அவர்களே, இளவேனில் பிறக்கையில் எங்கள் ஊர்களில் வாய்க்கால் தூர்வாரும் நாள் ஒன்று உண்டு. தண்ணீரில் பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் மண்வெட்டியோடு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். அரசு ஊழியர் அன்று வாய்க்காலுக்கு வந்தால் சம்பளம் போகிறது. வராவிட்டால் தண்ணீர் போகிறது. அவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு அளிப்பதே இம்மசோதா. கேள்விகளை... மிகவும் வரவேற்கிறேன்.

அவைத்தலைவர்: கேள்வி கேட்க விரும்புவோர் உளரா? எவரும் இலர். எனவே வாக்கெடுப்புக்கு...

எலிசியோ: சற்றுப் பொறுங்கள், அவைத்தலைவர் அவர்களே! ஒருவருக்குமா ஐயம் இல்லை? இம்மசோதாவில் ஓட்டைகள் ஏராளம்!

அவைத்தலைவர்: உறுப்பினர் தமது மசோதாவையே எதிர்க்கிறாரா?

எலிசியோ: இல்லை, எடுத்துக்காட்டாக... மண்வெட்டியின் நீளம் என்ன என்று கேட்கலாம். செத்த ஆடு ஒன்று மிதந்து வந்தால் அது எந்தக் கட்சியைச் சேர்ந்தது என்று கேட்கலாம். எவரேனும்?... மாண்புமிகு தெல்ஃபினா பாக்கா அவர்கள்?

தெல்ஃபினா: அவைத்தலைவர் அவர்களே, உறுப்பினரின் விளக்கம் எனக்கு முழு நிறைவளித்தது. வணக்கம்.

எலிசியோ: அக்கா!

அவைத்தலைவர்: உறுப்பினர் அவையில் உறவுமுறை கூறலாகாது.

எலிசியோ: மன்னிக்க வேண்டும். உறுப்பினர்களே, உங்கள் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கு வந்த ஒவ்வொருவரையும் கேலி செய்து உட்கார வைத்தீர்கள். என்னை மட்டும் மரியாதை செய்து நிற்க வைத்திருக்கிறீர்கள். எனக்கும் அந்தக் கேலியில் பங்கு உண்டு. அதைக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அவைத்தலைவர்: கேலிக்கு விண்ணப்பிக்க அவை விதிகளில் இடமில்லை.

எலிசியோ: எனில் எவரும் கேட்காமலேயே பாடுகிறேன்! “ஆத்தைக் கேட்டேன், உன் பேரைச் சொல்லுது... மலையைக் கேட்டேன், பனியைத் தூவுது... நீ எங்கேஏஏ...”

தெல்ஃபினா: கடவுளே, அந்த ‘எங்கே’யை அங்கேயே விட்டுட்டு உட்காருடா!

அவைத்தலைவர்: பாடல் அவைக்குறிப்பில் சேர்க்கப்படும், இசை நீக்கப்படும். வாக்கெடுப்பு தொடங்குகிறது.

எலிசியோ: நான் ஓட்டுப் பலகையைப் பார்க்க மாட்டேன் அக்கா. எல்லாம் பச்சையா வந்திருக்கும்.

தெல்ஃபினா: தலையைத் தூக்கு.

எலிசியோ: மாட்டேன்.

தெல்ஃபினா: தூக்குடா!

எலிசியோ: அக்கா... சிவப்பு! அறுபத்தொன்பது சிவப்பு! கொறடாவும்! அந்தக் கொறடாவும்! நீங்களுமா?

தெல்ஃபினா: முதல் ஆளு நான்தான்.

எலிசியோ: அபெல்! மேல பாருங்க, எழுந்து நின்னு கைதட்டறார்! நான் மட்டும் எதுக்குத் தனியா பச்சையில? இருங்க, நானும்...

தெல்ஃபினா: டேய், வேண்டாம்! எல்லாரும் இப்போ மாத்தப் போறோம்... கையை எடு!

அவைத்தலைவர்: வாக்கெடுப்பு முடிந்தது. ஆதரவு அறுபத்தொன்பது. எதிர்ப்பு ஒன்று. மசோதாவைக் கொண்டுவந்தவரின் கடும் எதிர்ப்பையும் மீறி மசோதா நிறைவேறியது!

எலிசியோ: ஐயையோ...

தெல்ஃபினா: இருபது வருஷத்துக்கு இதைச் சொல்லியே உன்னைக் கொல்லப் போறோம்.

எலிசியோ: சொல்லுங்க, தினமும் சொல்லுங்க! ஆமா... கொறடாங்க தங்களோட உத்தரவைத் தாங்களே மீறிட்டாங்களே?

தெல்ஃபினா: எந்த உத்தரவு?

எலிசியோ: கேலி கூடாதுன்னு...

தெல்ஃபினா: அப்படி ஒண்ணு எப்போடா இருந்துச்சு? ஒன்பது நாளா அறுபத்தொன்பது பேரும் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு புண்ணாயிருக்கோம்.

எலிசியோ: அப்போ அந்தக் கதவு... அந்த காபி வரிசை... அடப்பாவிங்களா! யார் யோசனை இது?

தெல்ஃபினா: நாங்க வழக்கம்போல கோழியைத்தான் வெச்சிருந்தோம். மேல டப்பாவோட நிக்கறாரே உன் வீட்டுக்காரர், அவர்தான் எனக்கு போன் பண்ணினார்: ‘அவனைக் கேலி பண்ணினா சந்தோஷமா கொக்கரிப்பான். மரியாதை குடுத்துப் பாருங்க, துடிச்சுப் போயிடுவான்.’