நாற்பத்தோரு தடவை

— வீடியோ சைட்ட மாத்தணும்னு சொல்றியே ஃபீபி, அதான் எனக்கு வெளங்கல. ஆம்பூர்லேர்ந்து பஸ் புடிச்சி சந்தோஷமா வந்திருக்கேன். வந்ததும் வராததுமா இப்டிச் சொல்ற.

— மொதல்ல உக்காருங்க ரஃபத்க்கா. ஃபேனப் போடறேன். மாடி ஏறி வந்ததுல உங்களுக்கு மூச்சு வாங்குது.

— மூச்சு கெடக்கட்டும். மூணு வாரம் முன்னாடி இதே கடைல உக்காந்துதானே பேசினோம்? நீதானே சொன்ன, நான் பர்ஸ் தைக்கற வீடியோவ நெட்ல போடறதுக்கு ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு ஓசி, ஒண்ணு காசு கட்றதுன்னு.

— மூணு வழி சொன்னேன்க்கா. நான் செஞ்சு குடுத்த உங்க வெப்சைட்லயே போடலாம்னும் சொன்னேன். ஆனா அதுல எடம் கம்மி. ரெண்டு பேர் சேர்ந்தாப்ல பார்த்தா திக்கித் திக்கி நிக்கும்.

— ஆமா, அது வேணாம்னுட்டோம். ஓசி சைட்ல யார் வேணா பார்ப்பாங்க, பக்கத்துல சினிமாப் பாட்டெல்லாம் வரும்னு சொன்ன. எனக்கு அதான் பேஜாரு. எங்க அண்ணன் நிசார் அஹமது பேரணாம்பட்டு ஜமாத்துல மரியாதையான ஆளு. தங்கச்சி கொரல ஊரே கேக்குதுன்னா சும்மா இருப்பாரா?

— மூஞ்சி தெரியலியேக்கா. கை மட்டும்தானே?

— கொரலு தெரியுதே. அதான், போனாப் போவுதுன்னு காசு கட்டி பூட்டு போடற சைட்டுக்கு ஒத்துக்கினேன். மெட்ராஸ் கண்காட்சிக்கு வந்த அந்த ஜெர்மனி ஹாம்பர்க் கடைக்காரனுக்கு மட்டும் பாஸ்வேர்டு. அவன்தானே கேட்டான், நீ கையாலயே தைக்கறியா, தைச்சுக் காட்டுன்னு. இப்ப நல்லாத்தானே வேல செய்து, அதப் போயி ஏன் மாத்தணும்?

— நல்லா வேல செய்துன்னு எத வெச்சுக்கா சொல்றீங்க?

— நேத்து எங்க ஊர் ப்ரௌசிங் சென்டருக்குப் போயி, நீ பாஸ்வேர்டு எழுதிக் குடுத்த சீட்டக் காட்டி, தொறக்கச் சொல்லிப் பார்த்தேன். படத்துக்குக் கீழயே போட்டிருக்கு. நாப்பத்தோரு தடவ பார்த்திருக்காங்கன்னு! நான் பர்ஸ் தைக்கறத ஒரு மனுஷன் நாப்பத்தோரு தடவ பார்ப்பானாம், வாங்க மாட்டானாம்?

— தண்ணி குடிக்கிறீங்களாக்கா?

— வேணாம். நீ ஏன் ஒரு மாதிரி இருக்க?

— அவர்கிட்டேர்ந்து ஒரு பதிலும் வரலக்கா. நான் மூணு மெயில் போட்டுட்டேன். அந்தப் பக்கம் பேங்க்கெல்லாம் வுழுந்துகினு இருக்காம். இங்க பெரிய பெரிய கம்பெனிக்கே ஆர்டர் கம்மியாயிட்ச்சி. ஒருத்தரையே நம்பிப் பூட்டி வெக்கறதுக்கு, தொறந்து போட்டா வேற யார் கண்லயாவது படும். அதுக்குத்தான் ஓசி சைட்டுக்கு மாத்தலாம்ன்றேன்.

— மெயில் போடாட்டி இன்னா? யோசிக்கிறான். மெட்ராஸ் கண்காட்சிலயே அப்டித்தான். என் பர்ஸ எடுப்பான், வெப்பான், மோந்து பார்ப்பான், பேச மாட்டான். உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லல நானு. வெள்ளிக்கிழம அண்ணன் டெம்போ எடுத்துனு வர்றார்.

— எதுக்கு?

— கட்டிலு, பீரோ, தோல் மூட்ட, எல்லாத்தையும் ஏத்தினு என்னையும் பேரணாம்பட்டுக்கே கூட்டினு போறதுக்கு. அவர் வீட்டு மாடில ஒரு ரூம் காலியா கெடக்கு. உன் புருஷன் மௌத்தாகி நாலு வருஷமாச்சி, புள்ளகுட்டியும் இல்ல, யாருக்காக இன்னும் துண்டுத்தோல வெட்டினு இருக்கேன்னு கேட்டார். சரின்னுட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.

— இன்னான்னு சொல்றது? கடைசில தோத்துட்டேன்னா? நேத்து அந்த நாப்பத்தொண்ணப் பார்த்தப்புறம் எல்லாம் மாறிட்ச்சி. நேரா எங்க தெரு மஹ்பூபி வீட்டுக்கும் மீனாம்பாள் வீட்டுக்கும் போனேன். திங்கக்கெழமலேர்ந்து தைக்க வாங்கன்னுட்டேன். மீனாம்பா இருந்த ஷூ கம்பெனில ஆள் கொறச்சிட்டாங்க. பாவம், என் கையப் புடிச்சினு அழுதுச்சி. இனி அண்ணனுக்குத்தான் சொல்லணும். உன் எதிர்லயே சொல்லிடறேன், இரு. வண்டி வேணாம்னு.

— அக்கா, போன வைங்க.

— இரும்மா, ரிங் போவுது.

— கட் பண்ணுங்கக்கா! சொல்றேன்ல!

— பண்ணிட்டேன், பண்ணிட்டேன். இன்னாம்மா ஆச்சி உனக்கு?

— அந்த ஹாம்பர்க்காரர் ஒரு தடவகூட பார்க்கலக்கா.

— என் கண்ணால பார்த்தேனே, நாப்பத்தொண்ணுன்னு.

— எந்த நாட்லேர்ந்து பார்த்தாங்கன்னு அந்த சைட்டு எனக்குத் தனியாக் காட்டும். எல்லாமே இந்தியாதான். ஒண்ணு, நேத்து சென்டர்ல நீங்க பார்த்தது. மீதி நாப்பதும் நான்.

— நீயா?

— நான்தான்க்கா.

— சரியா வந்திருக்கான்னு பார்த்தியா? கீழ இங்கிலீஷ்ல எழுதிப் போட்டியே, அதுக்காகவா?

— அதெல்லாம் ஏத்தறதுக்கு முன்னாடியே முடிஞ்சிட்ச்சி. சும்மாதான் பார்த்தேன்.

— சும்மா! மீனாம்பாவ இட்டாந்து நான் எதத் தைக்கச் சொல்வேன், சும்மாவையா? நாலு வருஷத்துல நேத்து ஒரு ராத்திரிதான் ஃபீபி நான் அசந்து தூங்கினேன். அதுவும் உன் வெளையாட்டா?

— வெளையாட்டு இல்லக்கா. நம்பர் ஏறும்னு தெரியும். நீங்க போய்ப் பார்ப்பீங்கன்னு தெரியாது. தப்புதான்.

— வுடு. அண்ணன் வரட்டும். நான் போறேன். அந்த சைட்ட இன்னிக்கே மூடிடு.

— மூடிடறேன்க்கா.

— சரின்னு ஒடனே சொல்ற.

— எந்த மூஞ்ச வெச்சினு வேற இன்னா சொல்றது?

— செருப்பு எங்க வுட்டேன்... அதோ இருக்கு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அதுல இன்னா இருக்குன்னு பார்த்த? நாலு நிமிஷம், ரெண்டு ஊசி, ஒரு பர்ஸு.

— அம்மாவ எங்க அக்கா கனடாவுக்குக் கூட்டினு போய்ட்டா. சொல்லியிருக்கேன்ல?

— ஈஸ்டருக்கு அப்புறம்.

— ஆமா. அதுலேர்ந்து வீட்ல நான் மட்டும்தான். ஞாயித்துக்கெழம அம்மா போன் பண்ணுவாங்க. சர்ச்சுக்குப் போனியான்னு கேப்பாங்க, போனேன்னுவேன். மத்த நாள்ல கடைக்கு வர்றவங்க பேசுவாங்கதான். விசிட்டிங் கார்டு எப்ப ரெடியாவும், பிரிண்ட் ஏன் மங்கலா இருக்கு. அவ்ளோதான். ஷட்டரு எறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா உங்க வீடியோவப் போட்டேன். நடுவுல ஒரு எடத்துல நூல இழுத்து முடிச்சுப் போட்டுட்டு நீங்க ஒண்ணு கேப்பீங்க.

— இன்னா கேட்டேன்? எனக்கே ஞாபகம் இல்ல.

— ‘புரியுதா?’ன்னு. ரொம்ப மெதுவா. கேட்டுட்டு, ஊசிய அப்டியே புடிச்சினு பேசாம இருப்பீங்க. எதிர்ல யாரோ உக்காந்துனு இருக்கற மாதிரி.

— ம்.

— அன்னிக்கு என் வாய் தானா ‘புரியுதுக்கா’ன்னு சொல்லிட்ச்சி. சொன்னப்புறம்தான் நீங்க அடுத்த தையலப் போட்டீங்க. மறுநாளும் போட்டேன். சிரிக்காதீங்க, சத்தமாத்தான் சொல்வேன். கீழ லாங் பஜார்ல வண்டிங்க ஹாரன் அடிச்சினே இருக்குமா, நீங்க கேக்காமப் போய்டுவீங்கன்னு தோணும்.

— நாப்பது தடவையுமா?

— நாப்பது தடவையும்.

— நகரு. அந்த இன்னொரு நாற்காலிய இழு. கம்ப்யூட்டர ஆன் பண்ணு.

— மூடறதுக்காக்கா?

— ஓசி சைட்ல ஏத்தறதுக்கு. பூட்டு வேணாம். யார் வேணா பார்க்கட்டும்.

— உங்க அண்ணன் கேட்டா?

— கேக்கத்தான் செய்வார். அவர் வீட்டு மாடில உக்காந்து பதில் சொல்றதுக்கு, என் வீட்டு வாசல்ல நின்னு சொல்லிக்கறேன். மீனாம்பாகிட்டயும் மஹ்பூபிகிட்டயும் உண்மையச் சொல்லிடுவேன். ஆர்டர் இல்லம்மா, வந்தா வா, வாலாஜாபேட்டை கடைங்களுக்கு பர்ஸு தைச்சுப் போட்டுப் பார்ப்போம்னு. கோவம் மட்டும் எனக்கு இன்னும் போவல, அதத் தெரிஞ்சுக்கோ.

— தெரியுதுக்கா. ஆனா தொறந்து போட்டும் யாரும் வாங்காமப் போனா? அந்த ஜெர்மனிக்காரர் மாதிரியே?

— ஜெர்மனிக்காரன்கிட்டத் தமிழ்ல யாராச்சும் ‘புரியுதா’ன்னு கேப்பாங்களா ஃபீபி? நீ குடுத்த கேமராவ ட்ரங்குப் பொட்டி மேல வெச்சிட்டு, யாருமே இல்லாத ரூம்ல, நாலு வருஷமா செவுத்தக் கேக்கற மாதிரி அன்னிக்கும் கேட்டேன். அதுக்கு ஒருத்தி பதில் சொல்லினு இருந்திருக்கா, எனக்குத்தான் கேக்காமப் போச்சு.