மொட்டுக்குப் பரிசில்லை

யுத்தகாலம். மாதுங்கா ரேஷன் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு மாமிகள்.

“நேத்து ஒரு துரையோட மூக்கைத் திருப்பிட்டேன்,” என்றாள் பெரியவள்.

“புஷ்பக் கண்காட்சியிலயா? உங்க மல்லிச்செடிக்குப் பரிசு இல்லைன்னாளே மாமி!”

“அந்தத் துரைதான் ஜட்ஜ். காலம்பர வந்து பாத்துட்டு, எல்லாம் மொட்டு, பூவே இல்லைன்னுட்டான். மல்லி சாயங்காலந்தான் விரியும், அப்ப வந்து பாருங்கோன்னேன். கேக்கலை.”

“அப்புறம்?”

“அத்தனை மொட்டையும் தொடுத்துத் தலையில வெச்சுண்டு, சாயங்காலம் பரிசு குடுக்கறச்சே முன்னாடி போய் உக்காந்தேன். கப்பை ரோஜாக்காரிகிட்ட நீட்டறான், மூக்கு என் பக்கம் திரும்பறது!”

“அடுத்த வருஷம் நீங்களும் ரோஜாவே வைங்கோளேன்.”

“நான் ஏன்டி மாத்தணும்? அவன் சாயங்காலம் வரட்டும்!”