கையுறையும் கல்யாண மோதிரமும்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள்; கேட்டதன்றி வேறெதுவும் நான் சொல்லப்போவதில்லை. சீனன்குடாவிலிருந்து திருகோணமலைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்னால், எண்ணெய்த் தாங்கிகளில் வேலைசெய்யும் ஒருவரும் அவர் மனைவியும் அமர்ந்திருந்தனர். முதல்நாள் ஹொக்கிப் போட்டியில் மூண்ட கைகலப்பில் அவர் முன்பல் ஒன்றை இழந்திருந்தார். பேச்சை அவரே தொடங்கினார்.

“கனடாவில பனிக்கட்டிக்கு மேல ஹொக்கி விளையாடுறவங்கள். அடிபடுறதுக்கும் சேர்த்துத்தான் சம்பளமாம். அங்கயிருந்து கோதுமை கொண்டுவந்த கப்பல்காரன் ஒருத்தன் சொன்னவன்.”

“தலைக்கு ஒண்டும் போடாமலோ?”

“முந்திக் கனபேர் போடுறேல்லையாம். சண்டை பிடிச்சவனை அஞ்சு நிமிசம் வெளியில இருத்திவைப்பினம்.”

“அஞ்சு நிமிசத்தில பல்லு முளைச்சிடுமோ?”

“பகிடி விடாதையும். அதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. கையுறையைக் கழட்டி எறிஞ்சிட்டுத்தான் அடிப்பாங்கள்.”

“நல்ல ஒழுங்கு. அப்ப நீங்களும் சனிக்கிழமை இறுதிப் போட்டிக்குப் போக முதல் இந்த மோதிரத்தைக் கழட்டித் தந்திட்டுப் போங்கோ.”

அது அவருடைய கல்யாண மோதிரம். அவள் நீட்டிய உள்ளங்கையை அவர் பார்த்தார். பிறகு அதற்குள் தம் கையையே வைத்து, பஸ் முழுவதும் கேட்க உரக்கச் சொன்னார்:

“மோதிரம் கழலாது. சனிக்கிழமை விளையாடுவன், ஆனா ஆர் அடிச்சாலும் இந்தக் கை எழும்பாது!”